குமிழுக்கும் கண்ணாடிக்கும் நடுவில்

என்னை ஆய்வகத்தில் ‘பூதக்கண்ணாடி’ என்று கூப்பிடுகிறார்கள். நேரில் இல்லை, முதுகுக்குப் பின்னால். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று காது கொடுத்துக் கேட்டேன். பேர் வைத்தவன் யார் என்றும் தெரியும். நாள் முழுவதும் விசிலடித்துக்கொண்டே வேலை பார்க்கிற என் பக்கத்து மேஜைக்காரன்தான். அவனுக்கு நான் ‘விசில்’ என்று பேர் வைத்தேன். கணக்கு நேராகிவிட்டது.

சந்தேகப்படுவதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. ஊருக்கெல்லாம் தண்ணீர் சோதித்துச் சொல்கிற வேலை எங்களுடையது. கிணறு, ஆழ்குழாய், பள்ளிக்கூடத் தொட்டி என்று எல்லாத் தண்ணீரும் பாட்டிலில் வந்து சேரும். கலங்கலாக வருகிற தண்ணீரைப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள். பளிச்சென்று வருவதுதான் ஆளைக் கவிழ்க்கும். வருஷக்கணக்காக இதையே பார்த்துக்கொண்டிருந்தால் மனுஷர்களையும் அப்படித்தான் பார்க்கத் தோன்றும். காரணமில்லாமல் சிரித்த முகமாக இருக்கிறவர்களைக் கண்டால் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். விசில் எப்போதும் சிரித்த முகம்.

நைட்ரேட் பார்ப்பதற்கென்று எங்களிடம் ஒரு மெஷின் இருக்கிறது. உரமும் சாணமும் சாக்கடையும் இறங்கிய மண்ணிலிருந்து தண்ணீருக்குள் வந்து சேருகிற உப்பு அது. நாக்குக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பெரியவர்கள் குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்தத் தண்ணீரில் பால் பவுடரைக் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால்தான் வினை. ரத்தம் காற்றைச் சுமக்க முடியாமல் போய், குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாய்ந்துவிடும்.

மெஷின் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு வட்டத் தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுத் தண்ணீர். ஒரு ஊசி குனிந்து குனிந்து உறிஞ்சும். உருளைகள் ரப்பர் குழாயைப் பிசைந்து பிசைந்து தண்ணீரை முன்னால் தள்ளும். அப்புறம் எல்லாம் சுருள் சுருளான ஒல்லிக் கண்ணாடிக் குழாய்தான். அதற்குள் தண்ணீர் ஒரே ஓட்டமாக ஓடாது. ஒரு துண்டு தண்ணீர், ஒரு காற்றுக் குமிழ், மறுபடி ஒரு துண்டு தண்ணீர், மறுபடி ஒரு குமிழ் என்று ரயில் பெட்டிகள் மாதிரி போகும். வழியில் மருந்து வந்து சேரும். நைட்ரேட் இருந்தால் துண்டுகள் ரோஸ் நிறமாகும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நைட்ரேட். நடுவில் குமிழ் எதற்கென்றால், ஒரு வீட்டுத் தண்ணீர் இன்னொரு வீட்டுத் தண்ணீரோடு கலந்துவிடாமல் காவல் நிற்பதற்கு. அந்த ஆய்வகத்தில் நான் முழுசாக நம்பியது அந்தக் குமிழ்களைத்தான்.

மற்றவர்கள் மெஷினை ஓட விட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள். எனக்கு அது ஆகவே ஆகாது. ஆள் இல்லாத அறையில் யார் எந்தக் கிண்ணத்தில் எதை ஊற்றினார்கள் என்று யார் கண்டது? அதனால் மூத்த ஆளாகப் பதவி உயர்ந்ததும் முதல் காரியமாக, தட்டு முழுவதும் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிகிற மாதிரி அந்த உருளைப் பம்பின் வேகத்தைக் கூட்டினேன். வேகத் திருகின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, குறுக்கே கையெழுத்தும் போட்டேன். யாராவது திருகைத் தொட்டால் ஸ்டிக்கர் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

“என்ன அக்கா, இது மெஷினா, ஓட்டுப் பெட்டியா?” என்று விசில் கேட்டான்.

“ரெண்டுலயும் தில்லுமுல்லு நடக்கும் தம்பி” என்றேன்.

என் கூடப்பிறந்த அக்கா தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் விட்டுவிட்டுப் போய் சாயங்காலம் வந்து தூக்கிக்கொள்வார்கள். தவழுகிறது, தத்தித் தத்தி நடக்கிறது, பல்லே முளைக்காதது என்று எல்லா ரகமும் உண்டு. அத்தானுக்கு முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு வேலை வெட்டி கிடையாது. அந்த வீட்டில் அடுப்பு எரிவது காப்பகத்தால்தான். குழந்தைகளுக்குத் தண்ணீர் வீட்டு ஆழ்குழாயிலிருந்து. வருஷா வருஷம் அதைச் சோதித்து எங்களிடம் சான்று வாங்கினால்தான் அனுமதி நீடிக்கும். சொந்த அக்கா என்பதால் அவள் வீட்டுத் தண்ணீரை நான் தொடக்கூடாது என்பது எங்கள் மேலாளர் அம்மாவின் உத்தரவு. அவரை எல்லோரும் மேடம் என்போம். எப்போதும் போல இந்த வருஷமும் அந்தத் தட்டை விசில்தான் ஓட்டினான்.

மத்தியானம் மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“உங்க அக்கா வீட்டுத் தண்ணியில நைட்ரேட் அளவுக்கு மேல இருக்கு.”

“இருக்காது மேடம். போன வருஷம்கூட சுத்தமா இருந்துச்சே.”

“போன வருஷத்துத் தண்ணியையா இந்த வருஷம் குடிக்கறாங்க?”

“ஓட்டினது அவன்தானே?”

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். “இந்தப் பேச்சு வரும்னு தெரியும். இன்னொரு தடவை புதுசா தண்ணி எடுத்து ஓட்டுவோம். அதுலயும் இப்படியே வந்தா, காப்பகத்தை மூடச் சொல்லி சுகாதாரத் துறைக்கு எழுதணும். பச்சைக் குழந்தைங்க விஷயம். உங்க அக்காங்கறதுக்காக நான் கண்ண மூடிக்க முடியாது.”

வெளியே வந்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விசிலின் மனைவி போன வருஷம் ஒரு காப்பகம் திறந்திருந்தாள், அக்கா வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி. அக்காவுடையது மூடினால் அங்கே கூட்டம் பிய்த்துக்கொண்டு போகும். ஒரு சொட்டு உரத் தண்ணீர் போதும், கிண்ணத்தில் விட்டால் முடிந்தது கதை. நேராக அவன் மேஜைக்குப் போனேன்.

“உன் சம்சாரம் எப்படி இருக்காங்க தம்பி? காப்பகத்துக்கு இனிமே இடம் பத்தாதே, என்ன பண்ணப் போறீங்க?”

அவன் என்னையே ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு பாட்டில்கள் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றைக்கு அப்புறம் விசில் சத்தமும் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று நான் முடிவு கட்டினேன்.

ஆனால் ஒருத்தரை மட்டும் சந்தேகப்பட்டு நிறுத்திக்கொள்வது என் வழக்கமில்லை. சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனவள் வாசல் வழியாகப் போகாமல் கொல்லைப்புறம் போனேன். கழிவுத் தொட்டி மூடியில் விரிசல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அத்தானுக்கு ரோஜாச் செடிப் பைத்தியம். மூட்டை மூட்டையாக உரம் வாங்கி ஆழ்குழாய்ப் பக்கத்தில் வைத்திருக்கிறாரா என்று தேடினேன். மோந்துகூடப் பார்த்தேன்.

“யாரது? அடியே, நீயா! திருட்டுப் பூனை மாதிரி பின்பக்கம் என்ன பண்றே?”

அக்கா இடுப்பில் ஒரு குழந்தையோடு நின்றிருந்தாள்.

“சும்மா, காத்து வாங்கலாம்னு.”

“கக்கூஸ் தொட்டி மேல நின்னா?”

சொல்லிவிட்டேன். அவள் நேராக உள்ளே போய், ஆயா கரைத்து வைத்திருந்த பால் பாட்டில்களை எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தாள். பிறகு குழாய்க்கு மேலே இருந்த வால்வை இறுக்கி மூடினாள்.

“அவசரப்படாதே அக்கா. இதுல ஏதோ சூது இருக்கு. ரெண்டாவது சோதனை வரட்டும்.”

“உன் மெஷின் சொல்லுச்சா இல்லையா?”

“சொல்லுச்சு. ஆனா ஓட்டினவன்…”

“நீ உட்கார்ந்திருக்கற எடத்துல எவனாவது தப்பு பண்ண முடியுமா? ஒரு ஈ உள்ள வந்தாக்கூட அதுகிட்ட விலாசம் கேக்கற ஆளு நீ. அங்க தப்புன்னு வந்தா தப்புதான்.”

வாழ்நாளில் என் குணத்தை யாராவது மெச்சிப் பேசியது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்தது.

குழந்தைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் ஒவ்வொருவரிடமும் அவளே சொன்னாள். “தண்ணி சரியில்லையாம். எனக்குத் தெரியாமப் போச்சு. இத்தனை நாள் அதைத்தான் குடுத்திருக்கேன். மன்னிச்சுக்கோங்க, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.” சிலர் குழந்தையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று போனார்கள். ஒருத்தி அங்கேயே குழந்தையின் விரல் நகங்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாளைக்கு எங்கே விடுவது என்று ஒரு தகப்பன் கேட்டபோது, ரெண்டு தெரு தள்ளி இருக்கும் காப்பகத்துக்கு அக்காவே வழி சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ரெண்டாவது சோதனையை நீயே ஓட்டு, அப்போதுதான் உனக்கு ஆறும் என்று மேடம் விட்டுக்கொடுத்தார். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். அக்கா வீட்டுத் தண்ணீரை நானே பிடித்து, நானே மூடி, நானே சீல் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கிண்ணங்களை நானே கழுவினேன். மருந்தெல்லாம் புதுசாகக் கலக்கினேன். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. தட்டில் பாட்டில்களின் வரிசை. எங்கள் வண்டிக்காரர் எந்தத் தெரு வழியாகப் போய்ப் பாட்டில் சேகரிக்கிறாரோ அதே வரிசையில்தான் அடுக்குவோம். முதலில் ஊருக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணைக் கிணறு, அடுத்தது அக்கா வீடு. அந்தப் பண்ணை இந்த வருஷம்தான் புதிதாக எங்கள் கணக்கில் சேர்ந்தது. வரிசையைக் கலைத்து ஓட்டினால், தங்கச்சி ஏதோ தகிடுதத்தம் செய்துதான் நல்ல முடிவு வரவழைத்தாள் என்று நாளைக்கு விசில் சொல்வான். அந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று கிண்ணத்துக்குக் கிண்ணம் அதே வரிசையில் வைத்தேன்.

பண்ணைத் தண்ணீர் வந்தது. திரையில் கோடு செங்குத்தாக ஏறி உச்சியில் போய் முட்டியது. அது எதிர்பார்த்ததுதான். அந்தக் கிணற்றுக்குள் பாதிச் சாணம் இருக்கும். அதைப் பிறகு தனியாக நீர்க்கவைத்துப் பார்த்துக்கொள்வோம். அடுத்தது அக்கா வீடு. கோடு இறங்கியது. இறங்கி, தரையைத் தொடாமல், எல்லைக்கோட்டுக்கு மேலேயே நின்றுகொண்டது.

மேடம் என் தோளில் கை வைத்தார். “நாளைக்கு எழுதிடறேன்மா.”

“ஒரு நாள் குடுங்க மேடம். ஒரே ஒரு நாள்.”

“எதுக்கு?”

“கையும் களவுமா பிடிச்சுக் குடுக்கறேன்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆனால் ஒரு நாள் கொடுத்தார்.

என் யோசனை இதுதான். மறுநாள் காலையில் அதே வரிசையில் தட்டை அடுக்குவது. ஆனால் ‘அக்கா வீடு’ என்று எண் போட்ட கிண்ணத்தில் அக்கா வீட்டுத் தண்ணீர் இருக்காது. காய்ச்சி வடித்த தண்ணீர் இருக்கும். அதில் நைட்ரேட் வர வழியே இல்லை. வந்தால், எவனோ கைவைத்தான் என்று அர்த்தம். எலிக்குப் பொறி வைப்பது போலத்தான்.

வைத்தேன். மெஷினைத் தட்டிவிட்டு, “நான் டீ குடிச்சிட்டு வர்றேன்!” என்று வராந்தாவில் எல்லோருக்கும் கேட்கும்படி கத்திவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்து மருந்து வைக்கிற அறைக்குள் நுழைந்துகொண்டேன். கதவிடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தேன். அமில பாட்டில்களின் நெடி மூக்கில் ஏறியது. தும்மலை முந்தானைக்குள் அடக்கினேன். யாரும் உள்ளே வரவில்லை. மெஷின் தன்பாட்டில் பிசைந்துகொண்டிருந்தது. பயந்துவிட்டான் போலிருக்கிறது என்று சலித்துக்கொண்டு வெளியே வந்து திரையைப் பார்த்தேன்.

பண்ணையின் கோடு உச்சியில். அடுத்து, என் கையால் நான் ஊற்றிய காய்ச்சி வடித்த தண்ணீர், எல்லைக்கோட்டுக்கு மேலே.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வராந்தாவில் ஓடியே போனேன்.

“மேடம்! மாட்டிக்கிட்டான்! அது அக்கா வீட்டுத் தண்ணியே இல்ல, நான் ஊத்தின சுத்தத் தண்ணி. அதுலயும் நைட்ரேட் வருது. நான் இல்லாத நேரம் பார்த்து அவன் விட்டிருக்கான். நான் ஒளிஞ்சிருந்து பார்த்தேன்.”

“அவன் விட்டதைப் பார்த்தியா?”

“பார்க்கல. அவ்வளவு கெட்டிக்காரன்.”

மேடம் நிதானமாகச் சொன்னார். “அவன் இன்னிக்கு லீவு. குழந்தைக்குத் தடுப்பூசி போடணும்னு நேத்தே சொல்லிட்டுப் போனான்.”

காலையிலிருந்து கட்டிடத்தில் விசில் சத்தமே கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவனைப் பிடிப்பதில் இருந்த மும்முரத்தில் அவன் வந்திருக்கிறானா என்றுகூடப் பார்க்கவில்லை. இருந்தாலும் வாய் அடங்கவில்லை. “நேத்தே மருந்துல ஏதாவது கலந்து வச்சிட்டுப் போயிருப்பான்” என்றேன். சொல்லும்போதே அசடு வழிந்தது. மருந்து புதுசாகக் கலக்கியது நான்தான்.

“வா, என் கண் முன்னால ஓட்டு” என்று மேடம் எழுந்தார்.

புதுக் கிண்ணங்கள் ரெண்டு. ஒன்றில் பண்ணைத் தண்ணீர், அடுத்ததில் சுத்தத் தண்ணீர். மேடம் டார்ச் பிடித்தார். ரெண்டு பேரும் தலை முட்டிக்கொள்கிற மாதிரி கண்ணாடிச் சுருளின் மேல் குனிந்தோம். இத்தனை வருஷத்தில் நான் அறைக்கதவைப் பார்த்திருக்கிறேன், திரையைப் பார்த்திருக்கிறேன், மற்றவர்கள் கையைப் பார்த்திருக்கிறேன். குழாய்க்குள் இப்படி உற்றுப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பண்ணையின் துண்டுகள் அடர் ரோஸாக வந்தன. குமிழ், துண்டு, குமிழ், துண்டு. பிறகு சுத்தத் தண்ணீரின் முறை. முதல் துண்டு நிறமில்லாமல் வந்திருக்க வேண்டும். ரோஸாக வந்தது. அடுத்தது கொஞ்சம் வெளிறி. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் வெளிறி. முழுசாக வெளுப்பதற்குள் மெஷின் அவசரமாக அளந்து எழுதி முடித்துவிட்டது. ஒரு குமிழைத் தொடர்ந்து போய்ப் பார்த்தேன். அது கடந்து போன இடத்தில் கண்ணாடிச் சுவர் ஈரமாக மினுங்கியது. அந்த ஈரத்தில் ரோஸ் இருந்தது.

குமிழ் குழாயை முழுசாக அடைத்துக்கொண்டு, முன்னால் உள்ள தண்ணீரை வழித்துத் துடைத்துக்கொண்டு போகிறது என்றுதான் பார்க்கிற யாருக்கும் தோன்றும். அப்படியில்லை. குமிழ் கண்ணாடியைத் தொடுவதே கிடையாது. ரெண்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு தண்ணீர்ப் படலம் ஒட்டிக்கொண்டு நிற்கும். குமிழ் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பின்னால் வருகிற துண்டு அந்தப் படலத்தை வாரிக்கொள்ளும். மெதுவாகத் தள்ளினால் படலம் இருக்கிற இடமே தெரியாது. வேகமாகத் தள்ளத் தள்ள அது தடிக்கும். இதைப் படிக்கிற காலத்தில் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். மற்ற கிணறுகளெல்லாம் கிட்டத்தட்ட ஒரே ரகம் என்பதால், ஒன்றின் படலம் இன்னொன்றில் சேர்ந்தாலும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. பண்ணை வந்து சேர்ந்த பிறகுதான் அதற்கு அடுத்து நிற்கிறவள் மாட்டிக்கொண்டாள்.

“வேகம் ஏன் இவ்வளவு வச்சிருக்கு?” என்றார் மேடம். டார்ச் வெளிச்சம் திருகின் மேல், ஸ்டிக்கரின் மேல், என் கையெழுத்தின் மேல் போய் நின்றது.

“யாரையும் நம்பி விட்டுட்டுப் போக வேணாம்னு” என்றேன்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக் கிழித்துவிட்டுத் திருகைக் குறைத்தார். மெதுவாக ஓட்டினோம், நடுவில் கழுவுகிற நேரத்தையும் கூட்டி. அக்கா வீட்டுத் தண்ணீர் வந்தபோது கோடு தரையில் படுத்துக்கொண்டது. சுத்தம். வரிசையை மாற்றியும் பார்த்தோம். அப்போதும் சுத்தம்.

சான்றைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடினேன். காப்பகத்தில் பாய்களெல்லாம் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தியிருந்தன. அத்தான் பொம்மைகளை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், ஸ்டிக்கர் உட்பட. அக்கா சான்றை வாங்கிப் படித்தாள். “அப்ப என் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று மட்டும் கேட்டாள். ஆகாது என்றேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

பெற்றோர்களை மறுநாள் சாயங்காலம் வரச் சொன்னோம். வந்தார்கள், ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. நான் குமிழைப் பற்றி, படலத்தைப் பற்றி, வேகத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் இறுகிக்கொண்டே போனது. ஒரு டாக்ஸிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“மொதல்ல கெட்ட தண்ணின்னீங்க. இப்ப நல்ல தண்ணிங்கறீங்க. நடுவுல தண்ணி மாறல, பேச்சுதான் மாறியிருக்கு. நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?”

“தங்கச்சி.”

“அதான பார்த்தேன்.”

தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, இடுப்பில் மகனோடு நின்றிருந்தாள். “குமிழி மேல பழியப் போட்டா அது வந்து இல்லன்னு சொல்லவா போகுது?” என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. அவர்கள் கேட்டதில் ஒரு கேள்விகூடத் தப்பான கேள்வி இல்லை. அவர்கள் இடத்தில் நான் நின்றிருந்தால் இதைவிடக் குடைந்திருப்பேன். நான் சொல்வது உண்மை, அதை நம்பவைக்க என்னிடம் ஒரு வழியும் இல்லை. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. “யோசிச்சு சொல்லுங்க” என்று எல்லோரையும் கும்பிட்டு அனுப்பிவிட்டாள்.

அடுத்த நாள் ஆய்வகத்தில் விசில் தன் மேஜையில் இருந்தான். போய் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். பழக்கமில்லாத காரியம், வார்த்தைகள் தடுமாறின. அவன் தலை நிமிராமல் பாட்டில்களுக்கு எண் ஒட்டிக்கொண்டே பேசினான்.

“மொத நாள் அதிகமா வந்துச்சுல்ல அக்கா, நான் உடனே எழுதிக் குடுக்கல. திரும்ப ஓட்டினேன். அப்புறம் இன்னொரு தடவை ஓட்டினேன். உங்க அக்கா வீடுன்னு தெரியும். எப்படியாவது எறங்கிடாதான்னு பார்த்தேன். எறங்கல.”

“அதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா?”

நான் அடுத்த பாட்டிலை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் அதற்கு எண் ஒட்டிவிட்டு, பெற்றோர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டான். சொன்னேன். “சரி, இன்னிக்கு சாயங்காலமும் அவங்களை வரச் சொல்லுங்க” என்றான். எதற்கு என்று என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அதே வாசல், அதே ஆட்கள். விசில் ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பின்னாலேயே அவன் மனைவி பால் பவுடர் டப்பாவும் காலிப் பால் பாட்டிலுமாக வந்தாள். அவள் முகம் கடுகடுவென்று இருந்தது. இருக்காதா பின்னே? வந்த கூட்டம் திரும்பிப் போவதற்குத் தன் புருஷனே வழி செய்கிறான்.

“நான்தான் மொதல்ல சோதிச்சவன்” என்றான் எல்லோருக்கும் பொதுவாக. “நீங்க இப்ப பிள்ளைங்களை விடற காப்பகம் என் வீட்டுக்காரியோடது. இந்தத் தண்ணி கெட்டதா இருந்தா எங்களுக்குத்தான் லாபம். இப்ப என் பொண்ணு இதைத்தான் குடிக்கப் போறா.”

டாக்ஸிக்காரர் குறுக்கே வந்தார். “தண்ணியையும் உங்க வீட்டுலேர்ந்து கொண்டு வந்திருக்கீங்களா?”

“நீங்களே பிடிச்சுட்டு வாங்க சார்” என்று பாட்டிலை அவர் கையில் கொடுத்தான் விசில்.

அவர் உள்ளே போனார். அக்கா வால்வைத் திறந்துவிட்டாள். காலியாகக் கிடந்த குழாய் காற்றும் தண்ணீருமாக விக்கி விக்கித் துப்பிவிட்டு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. அவர் பிடித்த தண்ணீரை அக்கா காய்ச்சி, அவர் கண் முன்னாலேயே ஆறவைத்துக் கொடுத்தாள். விசிலின் மனைவி பவுடரைக் கரைத்தாள். ஒரு நொடி பாட்டிலைப் பிடித்தபடியே புருஷனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். குழந்தையின் வாயில் வைத்தாள். குழந்தை உறிஞ்ச உறிஞ்ச, பாட்டிலுக்குள் குமிழ்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

எனக்குள் வந்தது வெட்கமா நன்றியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ரெண்டும்தான்.

தபால் நிலையத்து அம்மா என் பக்கத்தில் நகர்ந்து வந்து காதோடு கேட்டாள்.

“அந்தப் பாப்பா அவரோடதுதானா?”

நான் குழந்தையைப் பார்த்தேன். அதை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. பிறந்தபோது ஆய்வகத்தில் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டான். எல்லோரும் போனார்கள். ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் குழையறான் என்று நான் மட்டும் போகவில்லை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்துகொண்டு, பெண் குழந்தையா ஆண் குழந்தையா என்றுகூட நான் கேட்டதில்லை.

“அவரோடதுதான்” என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குள் அக்கா வாசலுக்கு வந்து ரெண்டு கைகளையும் நீட்டினாள். அந்த அம்மாவின் இடுப்பிலிருந்த பையன் அக்காவைக் கண்டதும் ஒரே தாவலாகத் தாவினான். அம்மா அவன் சட்டை நுனியை விடாமல் பிடித்திருந்தாள். பையன் காலை உதைத்துக்கொண்டு அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவன் அம்மா என்னை இன்னொரு தடவை பார்த்தாள், பிறகு பால் குடிக்கிற குழந்தையின் நகங்களைப் பார்த்தாள், பிறகுதான் சட்டையை விட்டாள்.